நூலுக்கு விலை கொடுப்பவர் யார்?

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கூறுவோர் எட்டுச் செய்திகளைத் தெரிவித்தல் வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த முறை. நூலை இயற்றியவர் யார், அஃது எந்நூலின் வழி வந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வகை யாப்பினது, எப்பொருளைச் சொல்வது, அதனைக் கேட்டற்கு உரியவர் யார், கேட்டவர் அடையும் பயன் என்ன என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். தமிழாசிரியர் அனைவரும் இதனைப் படித்திருக்கின்றோம், மாணவர்க்கும் படிப்பித்திருக்கின்றோம்.

அச்சு நூலைப் பொறுத்தவரையில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்நூலுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே அக்கேள்வி.

கேட்போரே விலை கொடுப்போராகவும் இருந்துவிட்டால் இக்கேள்விக்கு இடமில்லை. ஆனால் அச்சுலகில் பல வேளைகளில் படிப்பவர் ஒருவராகவும், பணம் கொடுப்பவர் மற்றொருவராகவும் இருக்கின்றனர். இவ்விருவரும் பிரிந்து நிற்குமிடத்து, நூல் பணம் கொடுப்பவர் பக்கமே மெல்லச் சாய்கின்றது. அதன் நீளமும் அமைப்பும் அவருக்கு ஏற்ப அமைகின்றன; சொல்லும் பொருளும்கூட அவர் முகம் பார்த்து அமைகின்றது. நம் திறனாய்வாளர்கள் கருப்பொருளை ஆராய்கின்றனர். கதைப்பின்னலையும் பாத்திரப்படைப்பையும் ஆராய்கின்றனர். நூல் அச்சகத்திலிருந்து வாசகர் கைக்கு வந்த வழியை மட்டும் ஆராய்வதில்லை. அவ்வழியை அறியாமல் மலேசியத் தமிழ் நூல்களின் நிறைகுறைகளை முழுமையாக அறிதல் இயலாது. இதனை விளக்க முதலில் வெளிநாட்டுச் சான்று ஒன்றையும், அடுத்துத் தமிழகச் சான்றுகள் சிலவற்றையும் காண்போம்.

மூன்று தொகுதி நாவல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த புதிய நாவல்களுள் மிகப் பல மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. 1821-ஆம் ஆண்டில் வால்டர் ஸ்காட்டின் 'கெனில்வொர்த்' என்னும் நாவல் மூன்று தொகுதிகளாக 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வந்தது. அதுவே பின்னர் வந்தவற்றுக்கு அளவுகோலாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் அவ்விலை மாறவேயில்லை. அத்தொகை அந்நாளைய தொழிலாளர் பலரின் ஒரு வாரக் கூலியைவிட மிகுதி. அவ்வளவு பணம் கொடுத்து ஒரு கதையை வாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சிலவே. அங்ஙனமாயின் அந்நாவல்களை வாங்கியவர் யார்?

வாங்கியவை வாடகை நூலகங்கள். அவற்றுள் பெரியது சார்லஸ் எட்வர்டு மூடி என்பவர் 1842-இல் தொடங்கிய நூலகம். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதியாக எத்தனை நூலும் எடுத்துப் படிக்கலாம். மூன்று தொகுதியாக உள்ள ஒரு நாவலை ஒரே நேரத்தில் மூன்று சந்தாதாரருக்குக் கொடுக்கலாம் அன்றோ? ஆதலின் நூலகத்தார் மூன்று தொகுதிகளையே விரும்பினர். பதிப்பாளருக்கும் அது வசதியாயிற்று. பெரிய நூலகங்கள் இரண்டு மூன்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டால், கழிவு கொடுத்தபின்னரும் முதல் திரும்பிவிடும். பொதுமக்களைத் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை.

இதனால் எழுத்துக்கு நேர்ந்தது என்ன? ஒரு தொகுதிக்குப் போதுமான கதை மூன்று தொகுதிக்கு இழுக்கப்பட்டது. கிளைக்கதைகள் பெருகின. உரையாடல்கள் நீண்டன. முதல் தொகுதியின் இறுதியில் ஒரு சிக்கலை வைத்தே ஆக வேண்டும் என்றாயிற்று. பொருளிலும் கட்டுப்பாடு வந்தது. குடும்பத்தார் கூடியிருந்து படிக்கத் தகாதது என்று மூடி கருதிய நூலை அவர் நூலகம் பரப்புவதில்லை. ஜார்ஜ் மூர் என்னும் எழுத்தாளரின் நாவல் அவ்வாறு ஒதுக்கப்பட்டது. அவர் வெகுண்டு 1885-இல் நூலகங்களின் அதிகாரத்தைத் தாக்கிச் சிறு நூல் ஒன்றே எழுதினார். ஜார்ஜ் கிஸ்ஸிங், 1891-இல் வெளிவந்த தம் நாவலில், மூன்று தொகுதியை நிரப்ப முடியாமல் வாடும் எழுத்தாளன் ஒருவனையே பாத்திரமாக்கினார்.

இம்முறையை ஒழித்தவர் திறனாய்வாளர் அல்லர், எழுத்தாளரும் அல்லர். வாங்கியவர்களே ஒழித்தனர். 1894-ஆம் ஆண்டில் மூடி நூலகமும் ஸ்மித் நூலகமும் இனி ஒரு தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்குமேல் கொடுப்பதற்கில்லை என்று அறிவித்துவிட்டன. அவ்வாண்டில் 184 மூன்று தொகுதி நாவல்கள் வெளிவந்தன. 1897-இல் வெளிவந்தவை நான்கே. எழுபது ஆண்டு மரபு மூன்றாண்டில் மறைந்தது. சிறிய ஒற்றைத் தொகுதி நாவல் அவ்விடத்தைப் பிடித்தது. மலாய்த் தீவுகளின் வாழ்வைக் களமாகக் கொண்டு ஜோசப் கான்ராடு எழுதிய முதல் நாவல் 1895-இல் ஒற்றைத் தொகுதியாகவே வந்தது.

இங்கே நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று. மூன்று தொகுதி நாவலின் நீளத்தை அக்காலத்து மக்களின் மனப்பாங்கு என்று ஒருவர் விளக்கினால் அவ்விளக்கம் பாதியே. மற்றப் பாதி மூடியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது.

கையொப்பமும் நூலக ஆணையும்

தமிழ் நூலின் அச்சு வரலாற்றிலும் இவ்வாறே விலை கொடுப்பவர் மாறிமாறி வந்திருக்கின்றார். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். வள்ளல்கள் சிலர் துணை செய்தனர் என்பது உண்மையே. எனினும் அவர் அதனோடு நில்லாமல், நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்வோம் என்று உறுதி கூறிக் கையொப்பமிடுவோரைத் தேடினார். கையொப்பமிட்டவர் நூலை எதிர்பார்த்திருந்தவர்; வந்ததும் பிரித்துப் பார்ப்பவர். விலை கொடுப்பவரையும் படிப்பவரையும் ஒருவராக்கும் முயற்சி அது.

அடுத்து வார, மாத இதழ்கள் வந்தன. தொடர்கதை வளர்ந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வந்ததன்றோ? அதன் ஐந்து பாகப் பெருக்கத்துக்கும், இயலின் இறுதிதோறும் நம்மை நிறுத்தி வைக்கும் திருப்பத்துக்கும் வார இதழ் என்னும் வழியே ஒரு காரணம். அங்கே காசு கொடுத்தவர் வாசகரே. ஆதலின் நீளம் இருந்தும் அலுப்பு இல்லை. அடுத்த வாரம் அவர் காசு கொடுக்காமல் போய்விடுவாரோ என்னும் அச்சம் ஆசிரியரை விழிப்போடு வைத்திருந்தது.

1949-இல் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கியது. பின்னர் எவரும் அவற்றை அச்சிடலாம் என்று விடப்பட்டது. 1950-களில் சக்தி வை. கோவிந்தன் மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தார். மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளியோரும் வாங்கும் விலையில் வெளியிட்டார். சொற்களைப் பிரித்து அச்சிட்டதும் விலையைக் குறைத்ததும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள். புலவர் அல்லாதாரும் வாங்குவர் என்று எண்ணியதனால், புலவர் அல்லாதாரும் படிக்குமாறு அச்சிட்டனர்.

மற்றொரு பக்கத்தில் பொது நூலகம் வளர்ந்தது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலகத்துக்கென்று ஒரு பகுதி தண்டப்பட்டது. சிற்றூரிலும் நூலகம் அமைந்தது. சீர்காழி தந்த நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இலேயே நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்திருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைத்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். இந்நோக்கத்தோடு அரசாங்கம் தேர்ந்தெடுத்த நூல்களை நூற்றுக்கணக்கான படிகள் வாங்கிற்று. இதனையே பதிப்புலகத்தார் நூலக ஆணை என்பர்.

இம்முறையினால் விளைந்த நன்மை பெரிது. ஆயிரத்து இருநூறு படி அச்சிடும் பதிப்பாளருக்குப் பாதிக்கு மேற்பட்டவை விற்ற நிம்மதி கிடைத்தது. கவிதையும் ஆராய்ச்சியும் துணிந்து அச்சேறின. ஆனால் தீமையும் உடன் வந்தது. நூலின் விலை பாரத்தைக் கொண்டு, அதாவது பதினாறு பக்கத்தை ஓர் அலகாகக் கொண்டு, அரசாங்கத்தால் முடிவு செய்யப்பட்டது. எடைக்கு விலை என்பது போலப் பக்கத்துக்கு விலை என்றாயிற்று. நூலக ஆணைக்கு வேண்டிய அளவே அச்சிட்டு, கடைக்கு அனுப்பாமலே கணக்கை முடித்துக்கொண்ட நூல்களும் உண்டு என்பது அப்பதிப்புலகத்தாரே சொல்லி வந்த குறை. ஆணை வராத ஆண்டுகளில் பதிப்பகங்கள் தடுமாறின. நல்ல நோக்கத்தோடு வந்த பணமும், படிப்பவரைத் தாண்டி வரும்போது, நூலைப் படிப்பவரிடமிருந்து பிரித்துவிடக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இதற்கு ஒருவகை மாற்றாயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் வாசகர் நேரே வந்து, நூலைப் புரட்டிப் பார்த்து, நூற்றுக்குப் பத்துக் கழிவில் தம் பணத்தைக் கொடுத்து வாங்கிச் செல்கின்றனர். பதிப்பாளர் தம் வாசகரின் முகத்தை அங்கே காண்கின்றார். எந்நூலை எவர் எடுக்கின்றார், எடுத்த நூலை எவர் திரும்ப வைக்கின்றார் என்பதையும் காண்கின்றார். இக்காட்சியே பதிப்பாளர்க்கு ஆண்டுதோறும் ஒரு பாடம்.

நம் நாட்டு வழி

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியத் தமிழிலக்கியத்தில் நாவல் குறைவாகவும் சிறுகதை மிகுதியாகவும் இருப்பது ஏன் என்று பலரும் கேட்பர். வாழ்க்கைப் போராட்டம், நேரமின்மை, பயிற்சியின்மை என்று விடை கூறுவர். அவை பொய்யல்ல. ஆனால் வழியை நோக்கினால் வேறு விடையும் தெரியும்.

தமிழ் நேசன் 1924-இல் தோன்றியது. தமிழ் முரசு 1935-இல் தோன்றியது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினர். எழுத ஆசைப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளும் நகரத்து இளைஞர்களும் அவ்வகுப்பினால் எழுத்தாளராயினர். அவர்களுக்குக் கிடைத்த களம் ஞாயிறு பதிப்பு. ஞாயிறு பதிப்பு நாவலுக்கு இடங்கொடாது. ஒரு பக்கக் கதைக்கு இடங்கொடுக்கும். ஆதலின் ஒரு நிகழ்ச்சி, ஒரு திருப்பம், ஒரு முடிவு என்னும் அமைப்பு நம் கதைகளுக்கு இயல்பாயிற்று. அந்த அமைப்பு நம் எழுத்தாளரின் குறையன்று. அவர்களுக்கு வாய்த்த வண்டி அவ்வளவு சரக்கையே ஏற்றியது.

ஆயினும் அவ்வண்டி வாசகரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. செய்திக்காக நாளிதழை வாங்கியவர் கதையையும் படித்தார். ஒரு வீட்டில் வாங்கிய இதழ் அடுத்த மூன்று வீடுகளுக்குச் சென்றது. கதை பிடிக்காவிட்டால் மறு வாரம் வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் அதனைப் படித்துத் திருந்தினார். இன்றும் பாராட்டப்படும் நம் சிறுகதைகள் பல அந்தச் சூட்டில் வெந்தவை.

அக்கதைகளைத் தொகுத்து நூலாக்க முனையும்போதுதான் வழி மாறுகின்றது. இங்கே எழுதுபவரே பதிப்பாளர். அவரே பணம் போடுகின்றார், அச்சகத்தைத் தேடுகின்றார், பிழை திருத்துகின்றார். தம் வண்டியிலேயே நூற்கட்டுகளை ஏற்றி வருகின்றார். கடையில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கழிவு போகும். மீதியும் நூல் விற்றபின்னரே வரும். ஆதலின் அவர் நாடுவது வெளியீட்டு விழா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்நூறு படி அச்சிட ஐயாயிரம் வெள்ளி செலவாகின்றது என்று கொள்வோம். விலை 25 வெள்ளி. கடைவழி விற்றால் கழிவு போக முதல் திரும்புவதற்கு முந்நூறு படிகள் விற்க வேண்டும். ஊர் ஊராக அலைந்தாலும் முந்நூறு படி விற்க ஆண்டுகள் ஆகும். விழா நடத்தினாலோ? நூறு பேர் வருகின்றனர். முதல் நூலைப் பெறுபவர் பெருந்தொகை தருகின்றார். சிறப்பு நூல் பெறுவோர் மேடையேறி உறையைக் கொடுத்துவிட்டு நூலைப் பெற்றுப் படம் எடுத்துக்கொள்கின்றனர். சராசரி ஆளுக்கு 50 வெள்ளி என்று வைத்தால் ஒரே மாலையில் ஐயாயிரம் வெள்ளி வந்துவிடும்.

முதல் திரும்பிற்று. போனவை நூறு படிகள். எஞ்சிய நானூறு படிகளின் நிலை என்ன? அவற்றுக்கு இனிச் செலவு இல்லை. ஆதலின் அவற்றை விற்றே ஆக வேண்டும் என்னும் நெருக்கடியும் இல்லை. நெருக்கடி இல்லாத சரக்கைத் தூக்கிக்கொண்டு எவரும் வெயிலில் நடப்பதில்லை. பெட்டிகள் வீட்டின் பின்னறைக்குச் செல்கின்றன. கரையான் படிக்கின்றது. விழாவின் வெற்றியே நூலின் பயணத்தை நிறுத்திவிடுகின்றது. நம் பதிப்பு முறையின் நோய் இதுவே.

நூலின் முகத்தில் தெரியும் நோய்

இம்முறை நம் நூல்களின் அமைப்பில் பதிந்திருக்கின்றது. எவ்வளவு சிறிய தொகுப்பாயினும் முன்பக்கங்களில் வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை, பாராட்டுரை என்று வரிசையாக நிற்கும். உரை வழங்கியவர் பலர் நூலுக்குள் என்ன இருக்கின்றது என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லியிரார். ஆசிரியரின் தமிழ்ப்பற்றையே போற்றியிருப்பர். நூலைத் திறக்கும் இளம் வாசகர் கதைக்குள் நுழையுமுன்னர்ப் பத்துப் பெரியோர்க்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கின்றது. இதனைத் தற்புகழ்ச்சி என்று இகழ்வது எளிது. ஆனால் இஃது உண்மையில் ஒரு பற்றுச்சீட்டு. விலை கொடுத்தவர் யார் என்பதை அப்பக்கங்கள் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது, திருத்தம் இன்மை. கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்குபவரே இல்லாதபோது, எழுத்துப்பிழை ஒரு நட்டமாகத் தோன்றுவதில்லை. உறை கொடுத்தவர் பிழைக்காக நூலைத் திருப்பித் தருவதில்லை. மூன்றாவது, மறுபதிப்பு இன்மை. முதற் பதிப்பே முடியாதபோது இரண்டாம் பதிப்பு எங்ஙனம் வரும்? பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. நான்காவது, மதிப்புரை இன்மை. விழாவில் ஆய்வுரை என்று ஒன்று நடைபெறும். வீட்டாரும் விருந்தினரும் வீற்றிருக்கும் மண்டபத்தில் குறை கூறுவார் எவரும் இலர். குறை கூறுவது நாகரிகமும் அன்று. ஆதலின் நூலைப் பற்றிய முதற் சொல்லும் இறுதிச் சொல்லும் அன்றைய பாராட்டாகவே நின்றுவிடுகின்றது.

ஐந்தாவது, பொருளின் அச்சம். மண்டபத்தில் முன்வரிசையில் அமர்பவர் முகம் சுளிக்கும்படி எழுதத் தயங்கும் மனம் மெல்லப் பழகிவிடுகின்றது. தோட்டத்துப் பழைய துன்பத்தை எழுதினால் அனைவரும் கண் கலங்குவர், எவரும் வருந்தார். இன்றைய நம் சங்கங்களின் பூசலையும், நம் வீடுகளுக்குள் நடக்கும் கொடுமையையும் எழுதினால் சிலர் வருந்துவர். மூடியின் நூலகம் கதையை ஒதுக்கியது. நம் மண்டபம் ஒதுக்குவதில்லை. எழுதுபவரே முன்கூட்டி ஒதுக்கிக்கொள்கின்றார். விதிவிலக்கான எழுத்தாளர் உளர். அவர்கள் இம்முறையை மீறி நிற்பதனாலேயே தனித்துத் தெரிகின்றனர்.

சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கே தேசியக் கலை மன்றத்தின் மானியம் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் ஆதரவு உண்டு. நாடு விடுதலை பெற்று ஐம்பது ஆண்டு நிறைந்த 2015-இல் அந்நாட்டுத் தமிழ் நூல்கள் பல மின்வடிவாக்கப்பட்டன, வீட்டிலிருந்தே படிக்கலாம். இது நாம் பொறாமைப்படத்தக்க பணி. எனினும் மானியமும் ஒரு புரவலரே. விலை கொடுப்பவர் மன்றமாயினும் வள்ளலாயினும், படிப்பவரைத் தேடும் வேலை எஞ்சியே நிற்கின்றது.

புரவலர் மரபு என்னும் விடை

இங்கே ஒரு மறுப்பு எழலாம். புரவலர் இன்றித் தமிழ் வளர்ந்த காலம் உண்டா? பாணரையும் புலவரையும் வேந்தரும் வேளிரும் காத்தனர். மடங்களும் வள்ளல்களும் ஏடுகளையும் அச்சையும் காத்தனர். இன்று வணிகரும் சங்கத் தலைவரும் உறை கொடுத்துக் காக்கின்றனர். இதில் தவறு என்ன என்று கேட்கலாம்.

தக்க கேள்வியே. உறை கொடுப்பவரை இக்கட்டுரை பழிக்கவில்லை. அவர் இல்லையேல் நம் நூல்களுட் பல அச்சேறியிரா. ஆயினும் பழைய புரவலர் நூலைக் கேட்டார். அரங்கேற்றம் என்பது பலநாள் நடைபெறும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் நாட்கணக்கில் அரங்கேறியதை உ. வே. சா. எழுதியிருக்கின்றார். பாடல் படிக்கப்படும்; பொருள் சொல்லப்படும்; ஐயம் வினவப்படும்; விடை கூறப்படும். அதன்பின்னரே சால்வையும் சன்மானமும் வரும். நம் வெளியீட்டு விழா அரங்கேற்றத்தின் பேரன். பாட்டனிடமிருந்து சால்வையையும் மாலையையும் பெற்றுக்கொண்டது. வினாவையும் விடையையும் இழந்துவிட்டது. இன்றைய விழாவில் நூலிலிருந்து ஒரு பக்கமேனும் படிக்கப்படுகின்றதா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இந்நிலையை மாற்றுவது எழுத்தாளர் மட்டும் செய்யக்கூடிய செயலன்று. தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாடநூல் இரவலாகக் கிடைக்கின்றது. அது ஏழைக் குழந்தைக்குப் பேருதவி. பெற்றோர் காசு கொடுத்து வாங்குவது பயிற்சி நூலை. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வு நீக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை. ஆதலின் பல குழந்தைகளுக்கு நூல் என்பது இரவலாக வருவது அல்லது விடை எழுதி முடித்து எறிவது. தனக்கென்று விரும்பி வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருளாக அது மனத்தில் பதிவதில்லை. நாளைய வாசகர் தோன்ற வேண்டிய இடத்திலேயே இக்குறை தொடங்குகின்றது.

என் போன்ற தலைமையாசிரியர் எளிதில் செய்யக்கூடியவை சில. ஒரு வட்டாரத்தில் பத்துப் பள்ளிகள் சேர்ந்து தவணைக்கு ஒரு மலேசிய நூலைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக்கு இரண்டு படி வாங்கினாலும் இருபது படிகள் ஆயின. ஆசிரியர் படித்தபின் ஒரு மாலை கூடி அதன் நிறைகுறைகளைப் பேசலாம். எழுதியவரையும் அழைக்கலாம். அவருக்கு மாலை வேண்டியதில்லை. தம் நூலை இருபது பேர் படித்துவிட்டு வினவுகின்றனர் என்னும் மகிழ்ச்சி போதும். பேசியதை ஒருவர் மதிப்புரையாக எழுதி ஞாயிறு பதிப்புக்கு அனுப்பலாம். மாணவர் தம் நிலாம் வாசிப்புப் பதிவேட்டில் எந்த ஆண்டும் அதே நீதிக்கதைகளை எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்து, நம் நாட்டு எழுத்தாளரின் சிறுவர் கதைகளைப் பதியச் செய்யலாம்.

எழுத்தாளருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சாமிநாதையர் நடந்து திரிந்து பெற்ற கையொப்பத்தை இன்று புலனக் குழுவில் ஒரு மாலையில் பெற்றுவிடலாம். நூலின் ஓர் இயலை முன்னதாக அனுப்பி, விரும்புவோர் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அச்சிடும் முறையும் மாறிவிட்டது. ஐந்நூறு படி அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும் என்பது பழைய கணக்கு. வேண்டியபோது வேண்டிய அளவு, ஐம்பது படியேனும் அச்சிடும் வசதி இன்று உண்டு. ஒரு படிக்கு அடக்கவிலை சற்றுக் கூடும். ஆனால் பின்னறையில் பெட்டி சேராது. ஐம்பது தீர்ந்தால் பிழை திருத்தி அடுத்த ஐம்பது. இரண்டாம் பதிப்பு என்னும் சொல் நம் நூல்களில் மீண்டும் தோன்றும்.

பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் முகப்பின் பின்பக்கத்தில் அச்சிட்ட பிரதிகள் இத்தனை என்று குறித்திருப்பர். அவ்வழக்கத்தையும் மீட்கலாம். எத்தனை அச்சிட்டோம் என்று எழுதும் கை, எத்தனை பேர் படித்தனர் என்று எண்ணத் தொடங்கும். விழாவும் வேண்டாம் என்பதில்லை. விழாவில் நூலை அறியாத பத்துப் பேர் வாழ்த்துவதைக் குறைத்து, நூலைப் படித்த இருவர் வினவ இடம் கொடுத்தால் அரங்கேற்றம் திரும்பிவிடும்.

இது கனவு என்று சிலர் புன்னகைப்பர். தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. தோட்டங்கள் கலைந்தன, இதழைக் கைமாற்றிப் படித்த வீட்டு வரிசைகளும் கலைந்தன. வாசகரிடம் சென்ற பழைய வழி குறுகிவரும் நேரம் இது. ஆதலினாலேயே புதிய வழியைப் பற்றி இப்பொழுது பேச வேண்டியிருக்கின்றது. வழி முற்றும் அடைந்தபின் பேசிப் பயனில்லை.

சிறு தொகையின் வலிமை நம் சமூகத்துக்குப் புதியதன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கியது. அங்கே தமிழ் தழைக்க வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கொடுத்தனர். அப்பணம் தமிழ் நூல்களாயிற்று. ஒரு பெருஞ்செல்வர் ஓர் உறையில் வைத்து அத்தொகையைக் கொடுத்திருந்தால் நூல்கள் வந்திருக்கும். ஆனால் அவை தம்முடையவை என்னும் எண்ணம் ஆயிரக்கணக்கான தமிழர்க்கு வந்திராது.

படிக்கத் தெரியாத பெற்றோர் நூலுக்கு விலை கொடுத்தனர். படிக்கத் தெரிந்த பிள்ளைகளாகிய நாம் கொடுக்கத் தயங்குகின்றோம். நம் பள்ளிக்கு வரும் அடுத்த மலேசிய நூலை இலவசப் படியாகக் கேட்காமல், விலை கொடுத்து வாங்கிப் படித்து, குறையும் நிறையும் எழுதி அனுப்புவோம். எழுதுபவர்க்கு நாம் செய்யக்கூடிய உதவி அதனினும் பெரிது வேறில்லை.